விடுதியும் விரிவுரைக் கூடமும்: இடைப்பட்ட வழியின் வரலாறு

பல்கலைக்கழகங்களின் வரலாற்றை எழுதுவோர் அவற்றைத் தோற்றுவித்த சட்டங்களையும், பொருளுதவி நல்கிய வள்ளல்களையும், தலைமை தாங்கிய அறிஞர்களையும் தவறாது குறிப்பிடுவர். கட்டடங்கள் எழும்பிய ஆண்டுகளும், பட்டமளிப்பு விழாக்களின் சிறப்பும் அவ்வரலாறுகளில் இடம்பெறும். ஆயின், மாணவன் ஒருவன் இரவில் எங்கே உறங்கினான், காலையில் எவ்வழியே விரிவுரைக்குச் சென்றான் என்னும் வினாவுக்கு அங்கு விடை கிடைப்பது அரிது. தலைநகரில் வீடுடைய மாணவனுக்கு இது சிறிய வினாவாகத் தோன்றலாம். பேராக்கிலோ கெடாவிலோ ஒரு தோட்டப்புறத்தில் பிறந்து, நகரில் உற்றார் எவருமின்றி, கையில் ஓர் அனுமதிக் கடிதத்துடன் வந்திறங்கிய மாணவனுக்கோ இதுவே முதல் வினாவாக இருந்தது. தங்குமிடமும் அங்கிருந்து வகுப்புக்குச் செல்லும் வழியும் அமைந்தாலன்றிக் கல்வி அவனுக்குக் கைகூடாது.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உயர்கல்வி வளர்ந்த நூற்றாண்டுக் காலத்தில், விடுதிக்கும் விரிவுரைக் கூடத்துக்கும் இடையிலான தொலைவு படிப்படியாக நீண்டுகொண்டே வந்துள்ளது. தொடக்கத்தில் அது சில நிமிட நடை. பின்னர் ஒரு கால்வாயைக் கடக்கும் தொலைவு. அதன்பின் பேருந்துப் பயணம். இறுதியில் ரயிலும் பேருந்தும் மாறிச் செல்லும் பயணம். இம்மாற்றம் மாணவர் வாழ்வை எவ்வாறு உருவாக்கியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிப்பாய் லைனில் தொடங்கிய வாழ்க்கை

1904-ஆம் ஆண்டில் டான் ஜியாக் கிம் என்னும் சீனப் பெருமகனாரின் தலைமையில், சிங்கப்பூரில் ஒரு மருத்துவப் பள்ளி வேண்டுமென ஆளுநரிடம் விண்ணப்பம் அளிக்கப்பட்டது. பொதுமக்களிடமிருந்து 87,077 வெள்ளி திரண்டது. அதில் 12,000 வெள்ளி அவரே அளித்ததாகும். 1905-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அப்பள்ளி திறக்கப்பெற்றது. முதன்முதலில் அங்குச் சேர்ந்த மாணவர் 23 பேரே. மனநோயாளர் மருத்துவமனையின் பெண்கள் பகுதியாக முன்னர் விளங்கிய பழைய கட்டடம் ஒன்றில் வகுப்புகள் தொடங்கின. இந்தியச் சிப்பாய்களின் படைவீடுகள் இருந்தமையால் சிப்பாய் லைன் எனப் பெயர்பெற்ற பகுதி அது. 1921-இல் அப்பள்ளி ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரி என்னும் பெயரைப் பெற்றது.

இப்பள்ளி சிங்கப்பூர் மக்களுக்கு மட்டும் உரியதன்று. நீரிணைக் குடியேற்றங்களுக்கும் கூட்டு மலாய் மாநிலங்களுக்கும் பொதுவானது. எனவே பினாங்கு, பேராக், சிலாங்கூர் முதலிய இடங்களிலிருந்து மாணவர்கள் வந்தனர். 1909-இல்தான் தீபகற்பத்தின் ரயில் பாதை ஜொகூர் பாரு வரை நீண்டது. ஜொகூர்ப் பாலத்தின் வழியே 1923-இல் ரயில்கள் ஓடத் தொடங்கும் வரை, வடக்கிலிருந்து ரயிலில் வருவோர் நீரிணையைப் படகில் கடந்தே சிங்கப்பூரை அடைந்தனர். இவ்வளவு தொலைவிலிருந்து வந்தவர்கள் நாள்தோறும் வீடு திரும்புதல் இயலாது. ஆகவே மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் அருகிலேயே மாணவர் விடுதி அமைந்தது.

இவ்வருகாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. மருத்துவக் கல்வியை நூலைக் கொண்டு மட்டும் கற்றுவிட முடியாது. நோயாளியின் படுக்கையருகே நின்று கற்க வேண்டும். நோய் பகலில் மட்டும் வருவதில்லை. குழந்தைப் பேறும் மணி பார்த்து நிகழ்வதில்லை. நள்ளிரவில் அழைப்பு வந்தாலும் எழுந்து நடந்து செல்லத்தக்க தொலைவில் மாணவர் வாழ வேண்டியிருந்தது. எனினும் எல்லாப் பயிற்சியும் ஓரிடத்திலேயே நடைபெறவில்லை. மகப்பேற்று மருத்துவத்துக்குக் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனைக்கும், பிற பயிற்சிக்கு டான் டோக் செங் மருத்துவமனைக்கும் அவர்கள் செல்ல வேண்டியிருந்தது. மருத்துவப் பள்ளி தோன்றிய அதே 1905-இல் சிங்கப்பூரில் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. இருபதாண்டுகளுக்குப் பின் அவற்றின் இடத்தை டிராலி பேருந்துகள் பிடித்தன. மாணவர் பயணமும் நகரப் போக்குவரத்தும் இவ்வாறு ஒரே காலத்தில் வளரத் தொடங்கின.

விடுதியும் மருத்துவமனையும் கல்லூரியும் ஒன்றையொன்று ஒட்டி அமைந்த அவ்வாழ்க்கையின் மிகத் துயரமான நாள் 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 14 ஆகும். சிங்கப்பூர் வீழ்ச்சியுறுவதற்கு முந்திய நாள் அது. குண்டுவீச்சில் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அவருடைய உடலை அடக்கம் செய்ய உடன்பயின்ற நண்பர்கள் கூடினர். அவ்வேளையில் மீண்டும் எறிகுண்டுகள் வந்து விழ, நல்லடக்கத்துக்கு வந்த மாணவர்களுள் பதினொருவர் மாண்டனர். ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கி, ஒரே வகுப்பில் அமர்ந்தவர்கள் ஒருவரையொருவர் உடன்பிறந்தோராகவே கருதினர் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாக நிற்கிறது.

புக்கிட் தீமாவின் நாற்கட்டுகள்

கலை, அறிவியல் கல்விக்கென ராபிள்ஸ் கல்லூரி 1928-இல் புக்கிட் தீமா சாலையில் வகுப்புகளைத் தொடங்கியது. சர் ரிச்சர்டு வின்ஸ்டெட் அதன் முதல் முதல்வராக விளங்கினார். நடுவே புல்வெளியும் சுற்றிலும் வளைவுகள் கொண்ட நீண்ட தாழ்வாரங்களுமாக இரண்டு நாற்கட்டுகள் அமைந்தன. மழை பெய்யினும் வெயில் காயினும் நனையாமலும் வாடாமலும் வகுப்புக்கு வகுப்பு செல்ல அத்தாழ்வாரங்கள் உதவின. மாணவர் விடுதிகளும் அவ்வளாகத்திலேயே இருந்தன. காலை உணவு முடித்தபின் விரிவுரைக்குச் செல்லச் சில நிமிடங்களே போதும்.

இக்குறுகிய தொலைவின் பயன் என்ன? வெவ்வேறு இனத்தவரும் வெவ்வேறு மாநிலத்தவரும் ஒரே மேசையில் உண்டனர். ஒரே வழியில் நடந்தனர். 1940-ஆம் ஆண்டையொட்டி அக்கல்லூரியில் பயின்றவர்களுள், பின்னாளில் சிங்கப்பூரின் முதல் பிரதமரான லீ குவான் யூவும், மலேசியாவின் இரண்டாம் பிரதமரான துன் அப்துல் ரசாக்கும் அடங்குவர். இரு நாடுகளின் தலைவர்களும் ஒரே கல்லூரியின் தாழ்வாரங்களில் நடந்தவர்கள் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

1949-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் ராபிள்ஸ் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. பெயரால் ஒன்றாயினும் இடத்தால் அது இரண்டாகவே இருந்தது. கலையும் அறிவியலும் புக்கிட் தீமாவில். மருத்துவம் சிப்பாய் லைனில். ஜொகூர் பாருவில் புதிய வளாகம் ஒன்றை எழுப்பி எல்லாவற்றையும் அங்குக் கொண்டுசெல்லும் திட்டமும் இருந்தது, அது நிறைவேறவில்லை. இதற்கிடையில் மாணவர் தொகை பெருகியது. பழைய விடுதிகள் போதவில்லை. எனவே டன்னர்ன் சாலையில் புதிய விடுதிகள் எழுந்தன.

புக்கிட் தீமா சாலையும் டன்னர்ன் சாலையும் அருகருகே இணையாகச் செல்பவை. அவ்விரண்டுக்கும் நடுவே புக்கிட் தீமா கால்வாய் ஓடுகிறது. எனவே டன்னர்ன் சாலை விடுதி மாணவன் கல்லூரியை அடையக் கால்வாயைக் கடந்தாக வேண்டும். பெருமழைக் காலங்களில் அக்கால்வாய் கரைபுரண்டு சாலைகளை மூழ்கடிப்பது அப்பகுதிக்கு வழக்கமான துன்பமாயிற்று. 1969, 1978 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர் வெள்ளங்கள் சிங்கப்பூர் வரலாற்றில் பேசப்படுபவை. வளாகத்துக்குள்ளேயே இருந்த விடுதி வாழ்க்கை இவ்வாறு முதன்முதலாகச் சாலைக்கு வந்தது.

சாலைக்கு வந்த மாணவன் நகரத்தையும் காணத் தொடங்கினான். புக்கிட் தீமா சாலையில் கிரீன் பஸ் நிறுவனத்தின் பேருந்துகள் ஓடின. அவற்றில் தொழிலாளரும் வணிகரும் பள்ளி மாணவரும் பல்கலைக்கழக மாணவரும் ஒன்றாகவே பயணம் செய்தனர். 1950-களின் நடுப்பகுதி சிங்கப்பூரில் தொழிலாளர் கிளர்ச்சியும் விடுதலை வேட்கையும் பொங்கியெழுந்த காலம். 1955-ஆம் ஆண்டு மே திங்களில் ஹொக் லீ பேருந்து நிறுவனத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் பெருங்கலவரமாக முடிந்ததை நாடறியும். பேருந்து நின்றால் நகரமே நிற்கும் என்பதை மாணவர்கள் ஏட்டில் படித்து அறியவில்லை; கண்ணாரக் கண்டனர்.

இச்சூழலில்தான் 1953-இல் பல்கலைக்கழகச் சோசலிச மன்றம் தோன்றியது. பின்னாளில் பெரும் வரலாற்றறிஞராகப் புகழ்பெற்ற வாங் குங்வூ அதன் முதல் தலைவர். 'பஜார்' என்னும் அம்மன்றத்தின் இதழில் வெளிவந்த கட்டுரைக்காக 1954 மே திங்களில் மாணவர் எண்மர் அரச நிந்தனைக் குற்றம் சாட்டப்பெற்றனர். ஜேம்ஸ் புதுச்சேரி, சந்திரசேகரன் வூட்ஹல், கவிஞர் எட்வின் தம்பு ஆகியோர் அவர்களுள் சிலர். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் அனைவரும் விடுதலை பெற்றனர். விரிவுரைக் கூடத்தில் கேட்ட கருத்துகளை விடுதி அறைகளிலும் உணவு மேசையிலும் இரவெல்லாம் விவாதித்துப் பழகிய தலைமுறை அது. வகுப்பு முடிந்தவுடன் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து செல்லும் மாணவரிடையே இத்தகைய மன்றம் வேரூன்றுவது அரிதாகும்.

ஜூரோங் சாலையில் ஒரு நாள்

நன்யாங் பல்கலைக்கழகத்தின் கதையும் ஈண்டு நோக்கத்தக்கது. டான் லார்க் சை 1953-இல் விடுத்த அறைகூவலை ஏற்றுச் செல்வரும் ஏழையரும் பொருள் ஈந்தனர். மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டுநர்களும் தம் ஒருநாள் ஊதியத்தை அளித்தனர். ஹொக்கியன் சங்கம் ஜூரோங்கில் 500 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை வழங்கியது. நகருக்கு வெகு தொலைவில், ரப்பர் மரங்களும் குன்றுகளும் சூழ்ந்த இடம் அது. 1958-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள் நடைபெற்ற திறப்பு விழாவுக்கு மக்கள் திரள்திரளாகச் சென்றமையால் ஜூரோங் சாலை முழுவதும் ஊர்திகள் நகர முடியாமல் நின்றன. அத்தொலைவு காரணமாக அங்கு மாணவர் வளாகத்திலேயே தங்கிப் பயின்றனர். நாட்டுப்புறத்தில் பல்கலைக்கழகம் அமைந்தால் விடுதியை உடன் கட்டியே ஆக வேண்டும் என்பதை நன்யாங் காட்டியது. நகரில் அமைந்தால் அக்கடமை எளிதில் மறக்கப்படும் என்பதைப் பின்வந்த காலம் காட்டியது.

துறையே இடம்பெயர்ந்த கதை

தமிழ் கற்க விரும்பிய மாணவருக்கோ இப்பயணத்தில் மற்றொரு திருப்பமும் காத்திருந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைவதற்கு முன், அங்கு முதன்மை பெறவேண்டிய மொழி தமிழா வடமொழியா என்னும் கருத்துப்போர் எழுந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக முன்னின்று குரல் கொடுத்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் அவர் தொடங்கிய நிதிக்குத் தொழிலாளரும் தம்மால் இயன்றதை அளித்தனர். 1956-இல் இந்திய இயல் துறை சிங்கப்பூரில் தோன்றியது. ஆயின் 1959-இல் பல்கலைக்கழகம் சிங்கப்பூர்ப் பிரிவு, கோலாலம்பூர்ப் பிரிவு என இரண்டாகியபோது, அத்துறை கோலாலம்பூருக்குச் சென்றது.

இதன் விளைவு எளிதில் விளங்கும். சிங்கப்பூரில் வாழ்ந்து பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்க விரும்பியவன் கோலாலம்பூருக்குச் செல்ல வேண்டியதாயிற்று. அவனுக்கு அது விடுதியும் செலவும் பிரிவும் சேர்ந்த ஒரு முடிவு. மாறாக, பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான் தோட்டங்களின் பிள்ளைகளுக்குத் துறை அருகே வந்தது. 1961 முதல் தனிநாயக அடிகளார் அத்துறையை நடத்திச் சிறப்பித்தார். அவருடைய முயற்சியால் 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. 1962-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று மலாயாப் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் தனித்தனி நிறுவனங்களாயின.

பந்தாய்ப் பள்ளத்தாக்கும் பெட்டாலிங் ஜெயாவும்

மலாயாப் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகம் கோலாலம்பூருக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் இடையே, பந்தாய்ப் பள்ளத்தாக்கில் எழுந்தது. ஏறத்தாழ 750 ஏக்கர் பரப்பும், மேடும் பள்ளமுமான நிலமும் கொண்டது அது. தங்கும் கல்லூரிகள் குன்றுகளின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தன. முதற்கல்லூரிக்குத் துவாங்கு அப்துல் ரகுமானின் பெயர் சூட்டப்பெற்றது. பின்னர் அவை பன்னிரண்டாகப் பெருகின. வளாகத்துக்குள் வாழ்வோருக்கும் இங்கே ஏற்றமும் இறக்கமுமான நடை உண்டு. நண்பகல் வெயிலில் ஏறி, பிற்பகல் மழையில் இறங்கும் அந்நடை, அங்குப் பயின்றோர் பலருக்கும் பழக்கமானது.

ஆயினும் மாணவர் தொகை பெருகிய வேகத்துக்கு விடுதி அறைகள் ஈடுகொடுக்கவில்லை. இடம் கிடைக்காதோர் பெட்டாலிங் ஜெயாவின் பதினேழாம் பிரிவு முதலிய பகுதிகளில் வீடு எடுத்துத் தங்கினர். ஒரு வீட்டைப் பலர் பகிர்ந்துகொள்வதும், வாடகையையும் சமையலையும் முறைவைத்துப் பார்ப்பதும் வழக்கமாயின. விடுதி மாணவன் புத்தகத்தை விரித்த நேரத்தில், வெளியே தங்கியவன் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தான். மாலையில் நூலகம் மூடும் வரை விடுதி மாணவன் அமர்ந்திருக்க முடிந்தது. மற்றவன் கடைசிப் பேருந்தை நினைத்து முன்கூட்டியே எழ வேண்டியிருந்தது. தேர்வுத்தாள் இருவருக்கும் ஒன்றுதான்.

1975-இல் கோலாலம்பூரில் சிற்றுந்துகள் அறிமுகமாயின. தொலைவு எதுவாயினும் ஒரே கட்டணம். தொடக்கத்தில் அது 40 சென். இளஞ்சிவப்பு நிறத்தில், நெரிசலோடும் விரைவோடும் ஓடிய அவை 1998 வரை நகர மக்களின் வாழ்வில் கலந்திருந்தன. ஒரு நாளைக்கு இருமுறை 40 சென் என்பது பெரிய தொகையன்று எனச் சிலர் கருதலாம். பால்மரம் வெட்டிப் பிள்ளையைப் படிக்கவைத்த தாய்க்கு, ஒரு திங்களின் பேருந்துக் கட்டணமும் கணக்கில் வரும் செலவே.

அக்காலத் தமிழ் மாணவர்கள் தமக்குள் தொடர்பு அறாதிருக்க மன்றங்களை வளர்த்தனர். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1980-களில் தொடங்கிய சிறுகதைப் போட்டி, 'பேரவைக் கதைகள்' என்னும் தொகுப்புகளாக வெளிவந்து மலேசியத் தமிழ் இலக்கியத்துக்கு வளம் சேர்த்தது. வகுப்பு முடிந்தபின் கூடிப் பேசவும், வந்த கதைகளைப் படித்துத் தேரவும் நேரமும் இடமும் வேண்டும். அவ்விரண்டும் வளாகத்தை ஒட்டி வாழ்வோருக்கே எளிதில் வாய்க்கும்.

1998-ஆம் ஆண்டு செப்டம்பரில் இலகு ரயில் பாதை திறக்கப்பட்டபோது, 'யுனிவர்சிட்டி' என்னும் பெயரிலேயே ஒரு நிலையம் அமைந்தது. எனினும் அது வளாக வாயிலில் அமையவில்லை. கூட்டரசு நெடுஞ்சாலைக்கு அப்பால் கெரிஞ்சிப் பகுதியில் அமைந்தது. நிலையத்திலிருந்து மீண்டும் ஒரு பேருந்து ஏறியே விரிவுரைக்குச் செல்ல வேண்டும். பெயரால் அருகிலிருப்பது நடையால் தொலைவிலிருக்கலாம் என்பதற்கு இந்நிலையம் ஓர் எடுத்துக்காட்டு.

கெண்ட் ரிட்ஜ் குன்றுகளில்

சிங்கப்பூரிலும் மாற்றம் நிகழ்ந்தது. 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் நன்யாங் பல்கலைக்கழகமும் இணைந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் ஆயின. வளாகம் புக்கிட் தீமாவிலிருந்து கெண்ட் ரிட்ஜ் குன்றுகளுக்கு இடம்பெயர்ந்தது. விடுதிகளும் 1980-களில் அங்கேயே குடியேறின. டன்னர்ன் சாலை மாணவர் வாழ்க்கை அத்துடன் முற்றுப்பெற்றது.

1988-இல் புவன விஸ்தாவிலும் கிளமெண்டியிலும் பெருவிரைவு ரயில் நிலையங்கள் திறக்கப்பட்டன. அவற்றில் இறங்கிப் பேருந்து மாறி வளாகம் செல்வது பல தலைமுறை மாணவர்களின் வழக்கமாயிற்று. 2011 அக்டோபரில் வட்டப் பாதையில் கெண்ட் ரிட்ஜ் நிலையம் திறக்கப்பட்டது. அதே நாளில் பூமலை நிலையமும் திறக்கப்பட்டு, பழைய புக்கிட் தீமா வளாகத்துக்கும் ரயில் வந்தது. மாணவர் பெருந்தொகையாக வாழ்ந்த காலத்தில் இல்லாத ரயில், அவர்கள் அங்கிருந்து சென்று ஒரு தலைமுறை கழிந்தபின் வந்து சேர்ந்தது. ராபிள்ஸ் கல்லூரிக் கட்டடங்கள் 2009-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. தாழ்வாரங்கள் காக்கப்பட்டன, கால்வாய்க்கு அப்பால் இருந்த விடுதிகளை நினைவில் வைத்திருப்போர் குறைந்து வருகின்றனர்.

முடிவுரை

இவ்வரலாறு உணர்த்தும் உண்மைகள் இரண்டு. முதலாவது, மாணவர் ஒன்றாக வாழ்ந்த இடங்களில் நட்பும் விவாதமும் தலைமைப் பண்பும் வளர்ந்தன. சிப்பாய் லைனும் ராபிள்ஸ் கல்லூரியும் டன்னர்ன் சாலையும் அதற்குச் சான்று. இரண்டாவது, விடுதியில் இடம் கிடைத்தவனும் கிடைக்காதவனும் ஒரே பல்கலைக்கழகத்தில் பயின்றாலும் ஒரே கல்வியைப் பெற்றனர் என்று சொல்வதற்கில்லை. வழியில் கழிந்த மணிகளை எந்தத் தேர்வாளரும் மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை.

தமிழ்ச் சமுதாயம் கல்விக்கென நிதி திரட்டிய மரபுடையது. 'தமிழ் எங்கள் உயிர்' நிதி ஒரு துறைக்காகவும் அதன் நூல்களுக்காகவும் திரண்டது. படிப்புக் கட்டணத்துக்கு உதவும் நெஞ்சங்கள் பல உள்ளன. தங்குமிடத்துக்கும் போக்குவரத்துக்கும் உதவுவதும் அத்தகைய கல்விப் பணியே ஆகும். மேற்கல்விக்குச் செல்லும் மாணவனிடம் எந்தத் துறை, எந்தப் பல்கலைக்கழகம் என்று ஆசிரியர்கள் கேட்பது இயல்பு. எங்கே தங்கப் போகிறாய், வகுப்புக்கு எப்படிச் செல்வாய் என்னும் இரு வினாக்களையும் அவற்றோடு சேர்த்துக் கேட்பாராயின், நூற்றாண்டுக்கு முன் நீரிணையைப் படகில் கடந்து வந்த மாணவர்களின் பட்டறிவு இன்றைய மாணவனுக்கும் பயன்படும்.